ஞானப்பல் புதைந்திருக்கிறது என்றால் எடுத்தே ஆகணுமா?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்களுக்கு 26 வயது. கீழே வலது கடைசியில் ஞானப்பல் சாய்ந்து, பாதி ஈறுக்குள் கிடக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை வீங்கி, வாய் திறக்க முடியாமல் போய், மாத்திரை போட்டு அடங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் நாலு ஞானப்பல்லையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் வலி வந்தால் மாத்திரை போடுங்கள், போதும் என்கிறார். வீட்டில், நரம்பு அறுந்து முகம் கோணிப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள். கடைசி வரியில் போகிற போக்கில், அக்கா மகளுக்கு 13 நடக்கிறது, மேல் இடது பக்கம் ஒரு பால் பல் விழாமல் நிற்கிறது, அதையும் பார்க்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வரிக்கு முதலில் பதில். அந்தப் பெண்ணை இந்த மாதமே கூட்டிப்போங்கள். உங்கள் பல் இரண்டு மாதம் பொறுக்கும், அவளுடையது பொறுக்காது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். வலிக்கிற பல்லைத்தான் நாம் எல்லாரும் பெரிய விஷயமாக நினைக்கிறோம், ஆனால் புதைந்த பற்கள் விஷயத்தில் வலி ஒரு நல்ல சாட்சி கிடையாது. பக்கத்துப் பல்லை சத்தமே இல்லாமல் அரித்துக்கொண்டிருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு பக்கம், எலும்புக்குள் ஆழமாகப் புதைந்து ஆயுசு முழுக்க யாரையும் தொந்தரவு பண்ணாத பற்களும் உண்டு. நான் வாய் அறுவை சிகிச்சை செய்பவன், ஞானப்பல் எடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் 'எடுத்துவிடு' என்று சொல்வதில் எனக்கு ஆதாயம் இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

வரவேண்டிய வயது தாண்டியும் வரவேண்டிய இடத்துக்கு வராத பல்லைத்தான் புதைந்த பல் என்கிறோம். முன்னால் இருக்கும் பல் மறிக்கலாம், எலும்போ தடித்த ஈறோ மறிக்கலாம், கணக்குக்கு மேல் முளைத்த கூடுதல் பல் மறிக்கலாம், சில சமயம் பல்லே திசை தெரியாமல் கிளம்பியிருக்கும். அதிகமாகப் புதைவது கீழ் ஞானப்பல், அடுத்து மேல் ஞானப்பல், அதற்கடுத்து மேல் கோரைப்பல். ஞானப்பல் பொதுவாக 17 முதல் 21 வயதுக்குள் வரும், சிலருக்கு 25 வரைகூட இழுக்கும். சிலருக்கு ஞானப்பல் உருவாகவே உருவாகாது. அவர்கள் கவலைப்பட வேண்டாம், ஞானம் வேறு வழியில் வரும்.

இனி உங்கள் பல். வாயைத் திறந்து பார்த்தால் ஈறுக்கு வெளியே ஒரு முனை தெரியும், அவ்வளவுதான். மீதி எல்லாம் ஓபிஜி எக்ஸ்ரேயில்தான் தெரியும், அதாவது இரண்டு தாடையையும் முழுக்க ஒரே படத்தில் காட்டும் அந்த நீளப் படம். அதில் வரும் கதிர்வீச்சு, சும்மா உலாவிக்கொண்டே சில நாட்களில் நாம் இயற்கையாக வாங்கிக்கொள்ளும் அளவுதான், அதனால் அதற்குப் பயப்பட வேண்டாம். படம் கையில் இருந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை. 1926-ல் ஜார்ஜ் விண்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்த பிரிவைத்தான் இன்னமும் வைத்திருக்கிறோம்: முன்பக்கம் சாய்ந்தது, நேராக நிற்பது, படுத்துக் கிடப்பது, பின்பக்கம் சாய்ந்தது. அடுத்து எவ்வளவு ஆழம், பின்னால் தாடை எலும்பு மேலே ஏறும் இடத்துக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம், வேர் ஒன்றா இரண்டா, நேரா வளைவா, நரம்புக் குழாய் எங்கே ஓடுகிறது, பல்லின் தலையைச் சுற்றி உள்ள கருப்பு வளையம் எவ்வளவு அகலம். அந்த வளையம் மூன்று மில்லிமீட்டர் அளவைத் தாண்டினால் நீர்க்கட்டியாக இருக்குமோ என்று சந்தேகப்படுவோம். இந்தக் கட்டி வலிக்காது, மெதுவாகத் தாடையைத் தின்றுகொண்டே போகும், பெரும்பாலும் வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள், அனுப்புவதுதான் சரி.

சாய்வைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். கீழ்த்தாடையில் பின்பக்கம் சாய்ந்த பல் படத்தில் பார்க்க ரொம்ப சாதுவாக இருக்கும், கொஞ்சம் நிமிர்த்தினால் வந்துவிடும் போலத் தெரியும். உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் நெம்பும்போது அது வெளியே வராமல் பின்னாலிருக்கும் எலும்புக்குள்ளேயே போய் முட்டும். படிப்பு முடித்த புதிதில் இப்படி ஒரு பல்லைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் இருபது நிமிடம் என்று சொன்னேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் கோபப்படவில்லை, 'சார், நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்க' என்றார், அது இன்னும் மோசம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது முன்பக்கம் சாய்ந்தது. அதுதான் அதிகமாக வருவது, எடுப்பதற்கும் ஓரளவு சுலபமானது. ஆனால் சேதம் பண்ணுவதில் அதுதான் கில்லாடி. தலையைக் கொண்டுபோய் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே சோற்றுப் பருக்கை மாட்டும், பிரஷ் போகாது, நாக்கும் எட்டாது. வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் அந்த இரண்டாம் பல்லின் பின்பக்கம், ஈறுக்குக் கீழே, சொத்தை விழும். தெரியவரும்போது ரூட் கனால் போடக்கூட இடம் கொடுக்காத அளவுக்குப் போயிருக்கும். உபயோகமில்லாத ஒன்றைக் காப்பாற்றப் போய், தினமும் மெல்லுகிற நல்ல பல்லை இழந்தவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

அந்த வீக்கம் எதனால்? பாதி வெளியே வந்த பல்லின் மேல் ஈறு ஒரு குல்லா மாதிரி மூடியிருக்கும். அதற்கடியில் உணவும் கிருமியும் சேர்ந்து சீழ் பிடிக்கும். மேல் ஞானப்பல் வேறு அந்த வீங்கிய குல்லா மேலேயே வந்து கடிக்கும், வீக்கம் இன்னும் ஏறும். இதற்கு முதல் வைத்தியம் மாத்திரை கிடையாது, கழுவுவதுதான். சிரிஞ்சில் உப்புநீரோ குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியோ எடுத்து, குல்லாவுக்கு அடியில் விட்டு நன்றாக அலசிவிட்டால் பாதிப் பேருக்கு மறுநாளே ஆறுதல் தெரியும். மேல் பல் கடிப்பதுதான் காரணம் என்றால் அதை மட்டும் எடுத்தாலே பெரிய நிம்மதி, அது ஐந்து நிமிட வேலை. காய்ச்சல், முகம் வீங்குவது, வாய் திறக்க முடியாதது, கழுத்தில் நெறி கட்டுவது இதெல்லாம் இருந்தால்தான் ஆன்டிபயாடிக், வழக்கமாக மெட்ரோனிடசோல் அல்லது அமாக்சிசிலின். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது தொடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் 'பல் வலி செட்' என்று ஒரு கவரில் நாலு கலர் மாத்திரை கட்டிக் கொடுப்பார்களே, அதை மூன்று வேளை போட்டு, வலி நின்றதும் நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி அதையே வாங்கிப் போடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. குல்லா அப்படியேதான் இருக்கிறது, கிருமிக்குத்தான் அந்த மருந்து பழகிப்போகிறது. கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சை ஈறில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டு, வெந்துபோன ஈறோடு வருகிறவர்களும் உண்டு. கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடமும் வேண்டாம். இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கொப்பளியுங்கள், போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி வீங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவது, குரல் மாறுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மூச்சு இழுப்பது, இதில் எது வந்தாலும் பல் கிளினிக்குக்குப் போகாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடு ராத்திரியாக இருந்தாலும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த தொற்று இது, இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பல்லில் ஆரம்பித்தது என்று நம்பவே முடியாத மாதிரி ஆளைக் கொண்டுபோய்விடும். அபூர்வம்தான், ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அவ்வளவு அபூர்வமும் இல்லை.

சரி, எடுக்கணுமா? இதில் உலகமே இரண்டு கட்சி. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் வயதில் நாலையும் எடுத்துவிடுவது ரொம்ப காலமாகச் சாதாரண விஷயம். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு நைஸ் என்ற அரசு அமைப்பு, நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லைத் தடுப்புக்காக எடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. ஈறு வீக்கம் முதல் தடவை வந்தால், ரொம்பக் கடுமையாக இல்லாத வரை அதை வைத்து அறுவை வேண்டாம், இரண்டாவது தடவை வந்தால் எடுப்பது நியாயம் என்றும் அதிலேயே இருக்கிறது. அதாவது, எடுக்காதே என்று சொல்வதில் உலகத்திலேயே கறாரான அந்த விதிப்படி பார்த்தாலும் உங்கள் கீழ் வலது பல் தாண்டிவிட்டது. மாத்திரை போதும் என்று சொன்ன டாக்டரோடு நான் உடன்படவில்லை. ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும் வழிக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு, அங்கேயே உள்ள அறுவை மருத்துவர்கள், நோயாளிகள் முன்பைவிட வயது கூடி வருகிறார்கள், பக்கத்துப் பல்லில் சொத்தையோடு வருகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். இருபதுகளின் ஆரம்பத்தில் எலும்பு கொஞ்சம் இளகி இருக்கும், வேர் முழுசாக வளர்ந்திருக்காது, புண்ணும் வேகமாக ஆறும். நாற்பதுக்கு மேல் அதே பல் சிமென்டில் பதித்த ஆணி மாதிரி நிற்கும்.

ஆனால் நாலையும் எடுக்கலாம் என்று சொன்னவர் பக்கமும் நான் இல்லை. மற்ற மூன்றும் என்ன நிலையில் இருக்கின்றன என்று உங்கள் கேள்வியில் இல்லை. ஒன்று ஒழுங்காக முளைத்து மேலும் கீழும் சேர்ந்து மெல்லுகிறது என்றால் அது உழைக்கிற பல், அதை ஏன் எடுக்கணும்? எலும்புக்குள் முழுசாகப் புதைந்து, வாயோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், கட்டியும் இல்லாமல் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். ஒரு விதிவிலக்கு, கீழ் வலதை எடுத்த பிறகு அதற்கு நேர் மேலே உள்ளதற்குக் கடிக்க ஜோடி இருக்காது, அது இறங்கி வந்து கன்னத்தைக் கடிக்கத் தொடங்கலாம், அதை அதே நாளில் சேர்த்து எடுக்கச் சொன்னால் சரி என்பேன். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக, இதை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். 'முன்பல் நெருக்கமாகாமல் இருக்க' என்று பதில் வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், ஞானப்பல் தள்ளித்தான் முன்பற்கள் கோணுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும்.

அடுத்து நரம்பு. வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் தப்பான பாதியைப் பிடித்துக்கொண்டு பயப்படுகிறார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாயில் ஓடும் நரம்பு உணர்ச்சி நரம்பு. கீழ்ப்பற்களுக்கும், அந்தப் பக்கத்துக் கீழ் உதட்டுக்கும், மோவாய்க்கும் தொடு உணர்வைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை, முகத்தை அசைப்பது வேறு நரம்பு, அது இந்த வழியே வருவதில்லை. அதனால் ஞானப்பல் எடுப்பதால் முகம் கோணாது. மரத்துப்போக ஊசி போடும்போது மருந்து ரொம்பப் பின்னால் தள்ளிப் போய்விட்டால் சில மணி நேரம் ஒரு பக்கம் கண் மூட முடியாமல், வாய் கோணலாகத் தெரியும். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும், இந்த வதந்தியே அதிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பதும் இதே ரகம். உண்மையான ஆபத்து, உதடும் மோவாயும் மரத்துப்போவது, அல்லது உட்பக்கம் ஓடும் நாக்கு நரம்பு அடிபட்டு நாக்கின் ஒரு பக்கம் உணர்வும் ருசியும் குறைவது. நூற்றில் ஒரு சிலருக்கு வந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, காபி குடிக்கும்போது உதட்டோரம் வழிவது தெரியாது, ஷேவ் பண்ணும்போது வெட்டுவது தெரியாது.

யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று படமே பெரும்பாலும் சொல்லிவிடும். 1990-ல் ரூட், ஷெஹாப் என்ற இருவர் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டிய அடையாளங்களைத் தொகுத்தார்கள், அதில் எனக்கு முக்கியமானவை மூன்று. நரம்புக் குழாயைத் தாண்டும் இடத்தில் வேர் கருப்பாகத் தெரிவது, குழாயின் வெள்ளைக் கோடு அந்த இடத்தில் அறுந்து தெரிவது, குழாய் திடீரென்று வளைந்து விலகுவது. ஓபிஜி தட்டையான படம், ஒன்றின் மேல் ஒன்று தெரிந்தால் தொட்டுக்கொண்டிருக்கிறதா, முன்னும் பின்னுமாகத் தள்ளி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பது வீண் செலவு, வீண் கதிர்வீச்சு. ஸ்கேனில் வேரும் நரம்பும் உண்மையாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறை உண்டு. கேட்க அரைகுறை வேலை மாதிரி இருக்கும், நரம்பைக் காப்பாற்ற அது நல்ல வழி. பல்லில் சொத்தையோ வேரில் சீழோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது, வெட்டும்போது வேர் ஆடிவிட்டாலும் முழுசாக எடுத்துவிட வேண்டியதுதான். விட்ட வேர் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்து நரம்பிடமிருந்து விலகி வரும், சிலருக்கு அதை இன்னொரு நாள் எடுக்க வேண்டிவரும், அப்போது அது சுலபம்.

அறுவை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். மயக்க மருந்து வேண்டியவர்கள் உண்டு, ரொம்ப ஆழமான பல், பயத்தில் உட்காரவே முடியாதவர்கள், நாலையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியவர்கள். ஈறைக் கீறி விலக்கி, உப்புநீர் விட்டுக்கொண்டே சின்ன டிரில்லால் பல்லைச் சுற்றி எலும்பில் ஒரு வாய்க்கால் வெட்டி, பல்லைத் துண்டாக்கித் துண்டுதுண்டாக எடுப்போம். ஏன் துண்டாக்குகிறோம் என்றால், பலாப்பழத்தை முழுசாக வாசல் வழியே கொண்டுவர முடியாவிட்டால் வாசலை இடிப்பீர்களா, பழத்தை நறுக்குவீர்களா? வலி தெரியாது, தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடலாம். அழுத்தமும் சத்தமும் தெரியும், தாடையே கழன்றுவிடும் போல இருக்கும், கழலாது. வீக்கம் இருக்கும் நாளில் போய் இன்றைக்கே எடுங்கள் என்று நிற்காதீர்கள். கழுவி, அடங்கி, வாய் நன்றாகத் திறக்கிற நிலை வந்த பிறகு எடுத்தால் உங்களுக்கும் நல்லது, எடுப்பவருக்கும் நல்லது. ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, சர்க்கரை, பிரஷர், கர்ப்பம், இதில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடணும். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பல்லைவிட இதயம் முக்கியம்.

அப்புறம் வீட்டுக்கு வந்தபின். வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள், அடிக்கடி எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. அன்றைக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, குழியில் உறைந்த ரத்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி, அது பெயர்ந்துவிடும். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் மாதிரித் தெரியும், விழுங்கிவிடுங்கள், ஒன்றும் ஆகாது. முதல் நாள் கன்னத்துக்கு வெளியே ஐஸ், பத்து நிமிடம் வைப்பது, பத்து நிமிடம் எடுப்பது. மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர். குழைய வடித்த ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, ஆறின கஞ்சி. ஐஸ்கிரீம் தாராளமாக, நட்ஸ் இல்லாமல், கரண்டியால். சளி பிடிக்கும் என்று பாட்டி திட்டினால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். சிகரெட், பான், ஹான்ஸ் ஒரு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். வலிக்கு, வயிற்றுப்புண், கிட்னி, ஆஸ்துமா தொந்தரவு இல்லாதவர்களுக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும், மரத்தது தெளிவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. வீக்கம் இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சத்துக்குப் போகும், முதல் நாள் நன்றாக இருந்தேனே, இப்போது ஏன் வீங்குகிறது என்று பயந்து போன் பண்ணுகிறவர்கள்தான் அதிகம், அது இயல்பு. நாலாவது நாளுக்கு மேலும் ஏறினால், அல்லது காய்ச்சல் வந்தால் இயல்பு இல்லை. மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று காது வரை இழுக்கிற வலியும் கெட்ட வாடையும் வந்தால் அந்த ரத்தக் கட்டி போய்விட்டது என்று அர்த்தம், புகைப்பவர்களுக்கு இது அதிகம். எலும்பு திறந்து கிடப்பதால் வருகிற வலி அது, ஆன்டிபயாடிக் போட்டுப் பிரயோஜனம் இல்லை. எடுத்தவரிடமே போங்கள், கழுவி மருந்து வைத்துவிடுவார், பல பேர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள்.

இப்போது அக்கா மகள். 13 வயதில் மேலே விழாமல் நிற்கிற பால் பல் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கோரைப்பல் மேல்தான். மேல் கோரைப்பல் 11, 12 வயதில் வந்துவிட வேண்டும், பெண் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். வாயிலேயே நீளமான வேர் உள்ள பல் அது, மூக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி ரொம்ப தூரம் பயணம் பண்ணி வருகிறது, வழியில் திசை மாறினால் அண்ணப் பக்கமாகப் போய்ப் படுத்துவிடும். நூற்றில் ஒருவர் இரண்டு பேருக்கு இப்படி ஆகிறது, பெண்களுக்கு அதிகம். பக்கத்திலிருக்கும் சின்ன முன்பல் குச்சி மாதிரி இருந்தாலோ, பிறவியிலேயே இல்லாவிட்டாலோ வாய்ப்பு இன்னும் கூடும், ஏனென்றால் கோரைப்பல் அந்தப் பல்லின் வேரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி வரும். சிங்கப்பல் என்று சொல்வோமே, வெளிப்பக்கம் உயர்ந்து துருத்தி நிற்பது, அது இடம் போதாமல் வெளியே வந்தது, கண்ணுக்குத் தெரியும், அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வார்கள். அண்ணப் பக்கம் புதைவது அப்படி இல்லை, இடம் இருந்தும் வராமல் போகும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. விழாமல் நிற்கிற பால் பல் ஒன்றுதான் தடயம். வலி இல்லாததால் விட்டுவிடுவார்கள், அந்த நேரத்தில் அது முன்பல்லின் வேரைக் கரைத்துக்கொண்டிருக்கலாம், அதற்கும் வலி இருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் பல்லைச் சரி பண்ணலாம் என்று 22 வயதில் ஒரு பெண் வந்தாள், பால் பல் ஆடுகிறது, அதைக் கட்டிவிடுங்கள் என்றாள். ஆடினது பால் பல் இல்லை, அதற்குப் பக்கத்து நிரந்தரப் பல். படத்தில் அதற்கு வேரே பாதிதான் இருந்தது.

அதனால் டாக்டர் முதலில் செய்வது கையால் தடவிப் பார்ப்பது. பால் கோரைப்பல்லுக்கு மேலே, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே விரலை வைத்தால் 9, 10 வயதிலேயே ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு இன்னொரு பக்கம் இல்லை என்றால் எக்ஸ்ரே. பல் வெளிப்பக்கமா உள்பக்கமா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய யுக்தி, 1910-ல் கிளார்க் என்பவர் சொன்னது. ஒரே இடத்தை எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டு படம் எடுப்பார்கள். பஸ்ஸில் போகும்போது பக்கத்து மரமெல்லாம் பின்னால் ஓடும், தூரத்து நிலா மட்டும் கூடவே வரும், இல்லையா? அதேதான். குழாய் நகர்ந்த திசையிலேயே கோரைப்பல்லும் கூட வந்தால் அது தூரத்தில், அதாவது அண்ணப் பக்கம். எதிர்த் திசையில் போனால் வெளிப்பக்கம். இரண்டு சின்னப் படத்திலேயே விடை கிடைக்கும்போது ஸ்கேன் எதற்கு? பக்கத்து வேர் கரைகிறதோ என்று சந்தேகம் இருந்தால் மட்டும் அதற்குப் போகலாம்.

ஏன் இந்த மாதமே என்றேன் என்றால், பல சமயம் வைத்தியம் ரொம்பச் சின்னது: அந்தப் பால் பல்லைப் பிடுங்கிவிடுவது. சுவீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் 10 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்து 1988-ல் வெளியிட்டார்கள். அண்ணப் பக்கம் போன 46 கோரைப்பற்களில் 36 தானாகவே திசை திரும்பி ஒழுங்குக்கு வந்தன. கோரைப்பல்லின் தலை பக்கத்து முன்பல் வேரின் நடுக்கோட்டைத் தாண்டாமல் இருந்தால் நூற்றுக்கு 91, தாண்டியிருந்தால் 64. அவளுக்கு 13 நடக்கிறது, அந்த ஜன்னல் மூடிக்கொண்டிருக்கிறது. நெருக்கமான வாயாக இருந்தால் இடமும் உண்டாக்க வேண்டியிருக்கும், அதனால் பல்லுக்குக் கம்பி போடும் நிபுணரைப் பார்ப்பது நல்லது. பிடுங்கியபின் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்க்கணும், ஒரு வருடத்தில் அசைவே இல்லை என்றால் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் கொஞ்சம் நீளம். ஈறைத் திறந்து, புதைந்த பல்லின் மேல் ஒரு சின்னப் பட்டன் ஒட்டி, அதிலிருந்து தங்கச் சங்கிலி ஒன்றைக் கம்பியோடு இணைத்து, மெதுவாக இழுப்பார்கள். ஆமாம், தங்கம்தான், அடகு வைக்கிற அளவு இல்லை. இழுப்பது சில பத்து கிராம் எடைக்குச் சமமான விசை, அவசரப்பட்டால் வேர் கெடும், அதனால் ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். பெரியவர்களில் பல் எலும்போடு ஒட்டிப்போய் இழுத்தாலும் நகராமல், மற்ற பற்கள் அதை நோக்கிச் சாய ஆரம்பிப்பதும் உண்டு, அப்போது எடுத்துவிட்டு வேறு வழி பார்க்க வேண்டியதுதான். செலவு கையைக் கடித்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் கம்பிப் பிரிவும் வாய் அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இந்த மாதிரிக் கேஸ் அவர்கள் நிறையப் பார்த்தவர்கள்.

அவளுக்குத் தம்பியோ தங்கையோ ஒன்பது பத்து வயதில் இருந்தால் அதே நாளில் அவர்களையும் கூட்டிப்போய் அந்த மேட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், இது குடும்பத்தில் வருவது உண்டு. உங்கள் ஓபிஜி படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், வாட்ஸ்அப்பில் செல்போனால் பிடித்த போட்டோ வேண்டாம், சென்டரிலிருந்து கோப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோவில் நரம்புக் குழாயின் அந்த வெள்ளைக் கோடு தெரியாது.